நிலைத்து நிற்பது எது?



கூடல் மாநகரை ஆண்ட அரச மரபுகளுள் நாயக்கர் மரபும் ஒன்று. விசயநகரப் பேரரசின் தளபதியாகிய விசுவநாத நாயக்கர் 1529ஆம் ஆண்டில் இம்மரபைத் தோற்றுவித்தார். தளவாய் அரியநாத முதலியாரின் துணையோடு நாட்டை 72 பாளையங்களாக வகுத்து நிலைநிறுத்தினார். அக்குடும்பத்திலேயே அரசுரிமை தொடர்ந்தது.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் இம்மரபு உச்சம் எய்தியது. தாம் வாழ மாபெரும் அரண்மனை எழுப்பிய அவரே, அம்மையும் அப்பனும் தெப்பத்தில் உலா வர வண்டியூர்த் தெப்பக்குளத்தையும் அமைத்தார். அரண்மனைக்கு மண் எடுத்த பள்ளமே அக்குளமாயிற்று என்றும், அங்குக் கிடைத்த திருமேனியே திருக்கோயிலில் நாம் வணங்கும் முக்குறுணி விநாயகர் என்றும் மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

ஏற்றம் கண்ட மரபு இறக்கமும் கண்டது. பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். பாட்டனார் எழுப்பிய அரண்மனையின் பகுதிகளைப் பிரித்து அங்குக் கொண்டு சென்றார் என்பர். பகைவர் இடிக்கவில்லை, குலக்கொழுந்தே பிரித்தது! பின்னர், 1689 முதல் 1706 வரை பச்சிளம் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்ற இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்து நாட்டைத் தாங்கினார். அப்பேரர் விசயரங்க சொக்கநாதர் 1732இல் ஆண்மகவின்றி மறைந்தார்.

அன்னையின் திருநாமமே தாங்கிய அரசி மீனாட்சி ஒருபுறம். உரிமை கோரிய பங்காரு திருமலை மறுபுறம். ஒரே குடும்பத்தார் தம்முள் அமர்ந்து பேசித் தீர்க்காது, இருவரும் ஆர்க்காட்டுப் படையின் துணையை நாடினர். துணைக்கு வந்த சந்தா சாகிப் கோட்டையையே கைக்கொண்டார். 1736ஆம் ஆண்டளவில் இருநூறாண்டு அரசு முடிந்தது. உட்பகைக்கென வள்ளுவப் பெருந்தகை தனி அதிகாரமே வகுத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இன்று அரண்மனையில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. தெப்பக்குளமோ முழுமையாக விளங்குகிறது. தைப்பூச நாளில் அம்மையும் அப்பனும் அங்கு எழுந்தருள, கரையெங்கும் மக்கள் கூடிக் கைதொழுகின்றனர். புதுமண்டபத் தூணில் திருமலை மன்னரும் கைகூப்பிய அடியவராகவே நிற்கிறார்.

தமக்கென எழுப்பியது தம் வழியினராலேயே குறைந்தது. பிறர்க்கெனத் தோண்டிய பள்ளம் பெருஞ்செல்வமாயிற்று. பாகப்பிரிவினைக்காக உடன்பிறந்தாரோடு வழக்காடும் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். விட்டுக்கொடுத்து ஒன்றி வாழும் குடும்பத்தில் அன்னை அங்கயற்கண்ணி என்றும் வீற்றிருப்பாள்.