பதினோராவது பொருத்தம்

(நமது அறக்கட்டளையின் ஆண்டு விழாவையொட்டி ஆலயத் திருமண மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டு வரனைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்று பேசியவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, "சுருக்கமாகப் பேசுங்கள் ஐயா" என்றும் கேட்டுக்கொண்டார். முயன்று பார்க்கிறேன்.

நம் வீடுகளில் ஒரு வரன் அமைந்தால் முதலில் என்ன செய்கிறோம்? இரண்டு ஜாதகங்களையும் எடுத்துக்கொண்டு சோதிடரிடம் ஓடுகிறோம். தினம், கணம், மகேந்திரம், ராசி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். நல்லது, பாருங்கள். ஆனால் மணமகனோ மணமகளோ வெளிநாட்டவராக இருந்து, இங்கே சுற்றுப்பயணியாக வந்து திருமணம் செய்துகொள்ளப் போகிறார் என்றால், பதினோராவது பொருத்தம் ஒன்றும் பார்க்க வேண்டும். அதுதான் தாள் பொருத்தம். பத்தும் பொருந்தி இந்தப் பதினொன்று பொருந்தாமல் போனால், தாலி கட்டிய பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து தொலைபேசியில் குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

என் தாயார் 'ரஜூலா' கப்பலில் வந்து இறங்கியவர். அவர் காலத்துக் கதை வேறு. பந்தல் போட்டு, பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டினால் திருமணம் முடிந்தது. அந்தச் சம்பிரதாயத் திருமணத்தைச் சிங்கப்பூரில் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி மாதர் சாசனம் நடப்புக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது முஸ்லிம் அல்லாத அனைவருக்கும் சட்டமாயிற்று. அன்று முதல், இங்கே நடக்கும் நம்முடைய திருமணம் அந்தச் சாசனத்தின்படி நடந்து பதிவானால்தான் சட்டப்படி செல்லும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், "தாலி கட்டியாயிற்று, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அன்பர்களே, இதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. முதலாவது ஆலயத்தின் வாசல். இறைவன் திருமுன் மாலை மாற்றித் தாலி கட்டும் இடம் அது. இரண்டாவது, நீங்கள் 'ஆர்ஓஎம்' என்று அழைக்கும் திருமணப் பதிவகம். இவர்கள் சட்டப்படி கணவன் மனைவியா என்பதை முடிவு செய்யும் இடம். மூன்றாவது, குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையம். வெளிநாட்டுத் துணை இந்நாட்டில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம். ஒரு வாசலின் சாவி அடுத்த வாசலைத் திறக்காது. நம் குடும்பங்கள் படும் துன்பம் பெரும்பாலும் இதை அறியாததால் வருவது.

"சுற்றுலா விசாவில் வந்தவரைத் திருமணம் செய்துகொள்ளலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்துகொள்ளலாம். குறுகியகால வருகை அனுமதியில் இருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவகம் திருமணத்தை மறுப்பதில்லை. அனுமதி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். முன்பு மணமானவர் என்றால் மணமுறிவுத் தீர்ப்போ, துணைவரின் இறப்புச் சான்றிதழோ காட்ட வேண்டும். அது தமிழில் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. திருமண அறிவிப்பைத் தாக்கல் செய்து குறைந்தது 21 நாள் கழிந்த பிறகே திருமணத்தை நடத்த முடியும். 21 வயது நிரம்பிய சாட்சிகள் இருவர் வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்தியாவிலிருந்து வருகிறவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் 30 நாள் அனுமதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்து இறங்கி, உறவுக்காரர் வீடுகளுக்குப் போய், தேக்காவில் சேலை வாங்கி, பத்தாம் நாள் அறிவிப்பைத் தாக்கல் செய்தால், 21 நாள் முடியும்போது அனுமதியும் முடிந்திருக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம். ஆகவே இந்தக் கணக்கை விமான நிலையத்தில் தொடங்கக் கூடாது. பல மாதங்களுக்கு முன்பே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். மகனுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்தில் பெண். நானூறு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பெண்ணும் பெற்றோரும் வருகை அனுமதியில் வரப்போகிறார்கள். வந்த ஒன்பதாம் நாள் முகூர்த்தம். "பதிவு எப்போது அம்மா?" என்று கேட்டேன். "தாலி ஏறட்டும் ஐயா, மெதுவாகச் செய்துகொள்வோம்" என்றார். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ஆலயத்தில் நடத்த இயலாது என்று எடுத்துச் சொன்னோம். முகூர்த்தத்தைத் தள்ளிவைத்து, பதிவு முடித்து, திருமணம் சிறப்பாகவே நடந்தது. அதற்குள் அனுமதியின் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மஞ்சள் கயிற்றின் ஈரம் காயும் முன்பே அந்தப் பெண் பெற்றோருடன் விமானம் ஏறினாள். நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த மாதங்களில் கருவுற்றிருப்பது தெரிந்தது. குழந்தை புதுக்கோட்டையில் பிறந்தது. தகப்பன் முதன்முதலில் அதன் முகத்தைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். இன்று மூவரும் இங்கே சேர்ந்து நலமாக இருக்கிறார்கள். ஆனாலும் இழந்த அந்த மாதங்களை எந்த அலுவலகத்தாலும் அவர்களுக்குத் திருப்பித் தர முடியாது.

நல்ல வேளையாக அவர்கள் பதிவு செய்திருந்தார்கள். பதிவு இல்லையென்றால் பாதிப்பு குழந்தை மேல் விழும். தந்தை சிங்கப்பூர்க் குடிமகன், தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தை வழியாகக் குழந்தைக்குக் குடியுரிமை வருவதற்கு அவர்கள் சட்டப்படி மணந்தவர்களாக இருக்க வேண்டும். மணமாகாதவர்களின் குழந்தை தாயின் குடியுரிமையைக் கொண்டே பார்க்கப்படுகிறது. ஆக, "ஒரு தாள்தானே" என்று நாம் அலட்சியப்படுத்துவது பேரப்பிள்ளையின் நாட்டையே மாற்றிவிடும்.

சரி, என்ன செய்வது? முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பே மூன்றாம் வாசலைத் தட்டுங்கள். 2015 ஜனவரி முதல், வெளிநாட்டவரை மணக்கப்போகும் குடிமக்கள் திருமணத்திற்கு முன்பே நீண்டகால வருகை அனுமதி பற்றிய மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானம் இருக்கிறதா, குற்றப் பதிவு ஏதும் உண்டா என்பன போன்றவற்றை ஆணையம் பார்க்கிறது. தகுதி உண்டு என்று கடிதம் வந்தால் நிம்மதியாக மண்டபம் பதிவு செய்யுங்கள். வரவில்லையென்றால், எங்கே வாழ்வது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்று இரு வீட்டாரும் கூடிப் பேசுங்கள். அதைத் தாலி கட்டும் முன் பேசுவது பெண்ணுக்கும் பையனுக்கும் நாம் செய்யும் உதவி.

திருமணச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் தங்கும் உரிமையும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நிரந்தரவாசத் தகுதியும் தானாக வராது. நீண்டகால வருகை அனுமதி ஒன்று. 2012இல் அறிமுகமான, சலுகைகள் கூடிய 'பிளஸ்' அனுமதி இன்னொன்று. சிங்கப்பூர்க் குழந்தை உள்ளவர்களும், திருமணமாகிச் சில ஆண்டுகள் ஆனவர்களும் 'பிளஸ்' அனுமதிக்குக் கருதப்படுகிறார்கள். எந்த அனுமதியானாலும், வேலை செய்ய மனிதவள அமைச்சின் ஒப்புதல் தனியாக வேண்டும். "தெரிந்தவர் கடைதானே, இரண்டு மணி நேரம் நிற்கட்டும்" என்று மருமகளை அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். இங்கே ஒர்க் பர்மிட்டில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் நம் ஆலயத்துக்கு வருகிறார்கள். குடிமகளையோ நிரந்தரவாசியையோ அவர்கள் மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். வேலை முடிந்து ஊருக்குப் போய், பிறகு சுற்றுப்பயணியாகத் திரும்பி வந்தாலும், ஊரிலேயே திருமணத்தை வைத்துக்கொண்டாலும், இந்த விதி முன்னாள் ஒர்க் பர்மிட்காரர்களையும் பின்தொடர்ந்து வரும். மறைத்து மணந்தால் பிறகு நாட்டுக்குள் நுழைவதே கேள்விக்குறியாகிவிடும். காதலித்த பிள்ளைகளைக் கோபித்துப் பயனில்லை. முறையாக விண்ணப்பம் எழுத உதவி செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் திருமணத்தை முடித்துவிட்டு, இங்கே வந்து மறுபடியும் பதிவு செய்யலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். அங்கே சட்டப்படி மணந்தவர்கள் இங்கே மணமாகாதவர்கள் என்று உறுதிமொழி கொடுக்க முடியாது, அது பொய்யுறுதி. அங்கே மணந்தால் அங்கேயே பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழைக் கொண்டு இங்கே விண்ணப்பிக்கலாம்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "சும்மா பெயருக்குக் கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன்" என்று நம் பிள்ளைகளை அணுகும் தரகர்கள் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட குடிநுழைவுச் சட்டத்தின்படி, அனுமதி பெறுவதற்காகச் செய்யும் போலித் திருமணத்துக்கு 10 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அனுமதி முடிந்த பின் ஒளிந்து தங்குவதும் அப்படித்தான். 90 நாளுக்கு மேல் கடந்தால் ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி. அடைக்கலம் கொடுத்த வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. குடிநுழைவு அதிகாரி வந்த நோக்கத்தைக் கேட்டால், "திருமணம் செய்துகொள்ள வந்திருக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லட்டும். மங்கல காரியத்துக்குப் பொய் எதற்கு?

கடைசியாக மாமியார்களுக்கும் மாமனார்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் மருமகளின் அனுமதி, ஆதரவாளரான கணவனின் கையெழுத்தைப் பொறுத்து நிற்கிறது. அது அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சினம் வரும்போது "கையெழுத்துப் போட மாட்டேன்" என்ற சொல் உங்கள் வீட்டில் ஒருபோதும் எழக் கூடாது. அவள் கடவுச்சீட்டு அவளிடமே இருக்கட்டும். அனுமதியின் கடைசி நாள் எது என்று அவளுக்கும் தெரியட்டும். முன்பு கடவுச்சீட்டில் முத்திரை இருந்தது. இப்போது அது மின்னஞ்சலில் வருகிறது. அந்த மின்னஞ்சல் அவள் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். மாதர் சாசனம் தரும் பாதுகாப்பு அவளுக்கும் உண்டு; கொடுமை நேர்ந்தால் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். குடும்ப சேவை நிலையங்களும், 1991 முதல் நம் சமூகத்துக்காக இயங்கும் சிண்டாவும் வழிகாட்டும். அவள் மாலை போட்டுக்கொண்டு இந்த ஆலயத்தில் அமர்ந்தபோது நாம் அட்சதை தூவினோம். அந்த அட்சதைக்கு நாம்தான் பொறுப்பு.

விதிகள் மாறக்கூடியவை. நான் சொன்னதை வைத்தே முடிவெடுக்காமல், பதிவகத்திலும் ஆணையத்திலும் அந்தந்த நேரத்து விதியை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முகூர்த்தம் பதிவு செய்ய வரும்போது, மணமக்களின் ஜாதகத்தோடு கடவுச்சீட்டின் நகலையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கடல் கடந்து வரும் பிள்ளைகள் நம் வீடுகளில் அச்சமின்றி விளக்கேற்றி, நீடூழி வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.