ஒட்டியது ஒட்டியிருக்கிறதோ?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே வந்து தொழிற்சாலையில் காற்றாலை இறகு ஒட்டுகிறவன். "உம்மடை வேலையைப் பற்றிச் சொல்லுமன்" என்று செயலாளர் அண்ணை கேட்டபடியால் அதையே சொல்லுகிறேன்.

1991இல் லோலண்ட் தீவுக்குப் பக்கத்தில், விண்டபி என்ற இடத்தில், உலகத்திலேயே முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலைப் பண்ணை அமைத்தார்கள். 11 காற்றாலைகள். ஒவ்வொரு இறகும் ஏறக்குறைய 17 மீற்றர். 2017இல் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். அதற்கு முதல் வருடம் லுண்டர்ஸ்கோ ஊரில் எல்.எம். நிறுவனம் 88.4 மீற்றர் நீளமான இறகைச் செய்து முடித்திருந்தது. இன்றைக்கு 100 மீற்றரையும் தாண்டிவிட்டது.

இது இரும்பில்லை. நாங்கள் செய்கிற முறையில், கண்ணாடி நார்த் துணியை அச்சுக்குள் விரித்துப் பிசின் ஏற்றி இறுகவிட்ட இரண்டு கோதுகள். நடுவிலே நெடுகலும் ஒரு தாங்குசுவர். பசை போட்டு ஒரு கோதின் மேல் மற்றதைக் கவிழ்த்து மூடுவோம். மூடின பிறகு உள்ளுக்குப் பசை பிடித்ததோ, வெற்றிடம் விட்டதோ ஆருக்குத் தெரியும்? வெளியில் வெள்ளை வெளேரென்று பளபளக்கும். கடல் காற்றிலை வருடக்கணக்காய் வளைஞ்சு நிமிரேக்கைதான் அந்த வெற்றிடம் விரியத் தொடங்கும்.

சிறு சுத்தியலால் தட்டிக் காதால் கேட்கிற வழக்கம் முந்தியே உண்டு. இப்பவும் தட்டுகிறார்கள். அம்மாமார் பொங்கலுக்குப் பானை வாங்கேக்கை விரலாலை சுண்டிப் பார்க்கிறதும் இதுதானே. ஆனால் 80 மீற்றரை எவ்வளவு நேரம் தட்டுவது?

அதற்குத்தான் வெப்பக் கமரா வந்தது. எந்தப் பொருளும் தன் சூட்டுக்கேற்பச் செங்கீழ்க் கதிர் விடும். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் வெயிலைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்த கதிர். பசை இறுகும்போது தானாகவே சூடேறும். அந்த நேரம் கமராவால் பார்த்தால் பசை ஓடின பாதை வெளிச்சமாகத் தெரியும், பசையில்லாத இடம் இருட்டாக நிற்கும். ஆறின பிறகென்றால் விளக்கால் மேலே சூடு காட்டவேணும். நல்ல இடத்தில் சூடு உள்ளே இறங்கிவிடும். கீழே காற்று அடைபட்டிருந்தால் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும், அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். பாருங்கோ, ஒரே குறை ஒரு முறையில் இருட்டு, மற்ற முறையில் வெளிச்சம்!

ஆழத்துக்கும் இது சரிவராது. ஆழம் இரண்டு மடங்கானால் சூடு போய்ச்சேர நான்கு மடங்கு நேரம், படமும் மங்கிவிடும். இறகின் அடிப்பக்கம் போலத் தடித்த இடங்களுக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பார்ப்பது போன்ற ஒலிக்கருவிதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வேலைத்தலத்தில் கமராப் படத்தில் ஒரு வெளிச்சத் திட்டு வந்தது. இரவு வேலைக்காரர் பசையைக் குறைத்துவிட்டார்கள் என்று கதை கிளம்பியது. இரவு வேலையில் அரைவாசி எங்கடை ஆக்கள். அவர்களில் ஒருவர், கதை பேச்சுக் குறைவான மனுசன், படம் எடுத்தவரிடம், "ஒருக்கா இரண்டடி தள்ளி நில்லும்" என்றார். அவர் தள்ளினார், திட்டும் தள்ளியது! பளபளப்பான மேற்பரப்பு கண்ணாடி மாதிரி, நிற்கிறவரின் உடற்சூட்டையே திருப்பிக் காட்டியிருக்கிறது. மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை, அது வேறு கதை. பிறகொரு நாள் வந்த திட்டு அசையவில்லை. துளைத்துப் பார்த்தால் உள்ளங்கையளவு வெற்றிடம். பசை செலுத்தித் திருத்தினார்கள்.

இதைப் படிக்க வழியிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9712 என்ற தரப்படி மூன்று படிகளில் சான்றிதழ், கண்பார்வைச் சோதனையும் உண்டு. முதற்படிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கேட்பதில்லை. பசை பூசித் தழும்பின கையுள்ளவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அவர்கள் ஏன் கமராவுக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது?

ஒரு சின்னக் கமரா இரவல் வாங்கி வந்து தேநீர் மேசையில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் சுவரிலை உள்ளங்கையை வைத்து எடுத்துப்போட்டுக் கமராவாலை பாருங்கோ, கை போன பிறகும் கை தெரியும்.