நெய்வேலிக்கு வராத விமானம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து வடக்கனந்தல் பக்கத்துக்காரர் விமானம் ஏற வேண்டுமென்றால் சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போவார்; இல்லையென்றால் நேரே சென்னைக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிப்பார். நெய்வேலியிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது என்றால் சிரிப்பார். ஆனால் இருக்கிறது. அங்குள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஓடுபாதை உண்டு, பயணிகள் விமானம்தான் இல்லை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தட்டுப்பட்ட கறுப்பு மண்ணில், அதாவது பழுப்பு நிலக்கரியில், தொடங்குகிறது அந்த ஊரின் கதை. 1956-ல் நிறுவனம் உருவானது. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். காடும் கொல்லையுமாக இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. பின்னாளில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் சென்னையிலிருந்து அங்கே வந்துபோயின. அதுவும் நீடிக்கவில்லை. 2017-ல் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் நெய்வேலி பெயர் மறுபடி வந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்றார்கள். ஊரே ஆசைப்பட்டது. விமானம்தான் வரவில்லை.

நெய்வேலியில் விமானம் ஏன் நிலைக்கவில்லை? ஓடுபாதை குட்டை, எழுபது பேர் ஏறும் விமானத்துக்குப் போதாது. சின்ன விமானத்தில் கட்டுப்படியாகாது. எனக்குப் பெரிய காரணமாகத் தெரிவது வேறு. ஆஸ்திரேலியாவில் நியூமன் என்ற இரும்புத்தாதுச் சுரங்க ஊர், பெர்த் நகரிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கே தொழிலாளியே விமானத்தில் வேலைக்கு வந்து, முறை முடிந்ததும் விமானத்தில் வீடு திரும்புகிறார். நெய்வேலியோ சென்னைக்கு 200 கிலோமீட்டர்தான். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. சுரங்கத்தில் வேலை செய்பவர்களில் பலர் சுற்றுக் கிராமத்துக்காரர்கள். அவர்களுக்கு விமானம் எதற்கு? அதிகாரிகளை மட்டும் நம்பி ஒரு விமானம் எத்தனை நாள் பறக்கும்?

சேலமும் தடுமாறிய நிலையம்தான். 1993-ல் திறந்தார்கள், சேவை வந்தது, நின்றது, வந்தது, நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வந்தன. ஆனால் பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத் என்று போக வேண்டிய ஊர்கள் அதற்கு உண்டு. சுற்றிலும் வியாபாரம் உண்டு.

நெய்வேலி ஓடுபாதையைப் பாழாக விடச் சொல்லவில்லை. பொதுப்பணம் போகும் வரிசையைத்தான் சொல்கிறேன். வடக்கனந்தலை அடுத்த நம் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆம்புலன்ஸ் போய்த் திரும்பும் சாலை மலையிலுள்ள ஒவ்வொரு ஊருக்கும் முதலில் வரட்டும். விமானம் அதற்கு அப்புறம்.