கருவம் கூறும் மறுமொழி

(தமிழ் மன்றமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

சுவடிப் படங்களையும் கல்வெட்டுப் படிகளையும் ஒரு விரலியில் தொகுத்து வைத்திருக்கிறான் மாணவன் ஒருவன். இலினக்சு இயங்கும் மடிக்கணினியில் அதனைச் செருகுகிறான். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. கடைக்கு ஓடுகிறான். "பார்மட்டு செய்துவிடலாம்" என்கிறார் கடைக்காரர். உள்ளவற்றைத் துடைத்துப் புதிதாய் வகுத்தலே அச்சொல்லின் பொருள் என்பதை அவன் அறியான், தலையசைத்துவிடுகிறான். பல்லாண்டு உழைப்புப் பாழாயிற்று! 'துடைத்து வகுக்கட்டுமா?' என்று தமிழில் வினவியிருப்பின், அவர் கையைப் பற்றித் தடுத்திருப்பான் அல்லனோ? அயற்சொல்லுக்கு அடிமைப்பட்டதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

விரலியைப் பழிக்குமுன் கணினியை வினவுதல் வேண்டும். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டசு வெளியிட்ட இலினக்சுக் கருவம், எக்கருவியைச் செருகினாலும் நேர்ந்ததை உடனே குறித்துக்கொள்கிறது. கட்டளைத் திரையில் 'டிஎம்இஎஸ்ஜி' என்று பொறித்தால் அக்குறிப்பு விரியும். (பெயர் அயலார் இட்டது, கிரந்த எழுத்துகளைப் பொறுத்துக்கொள்க.) சில வகைகளில் 'சூடோ' என்று முன்னிட்டால்தான் திறக்கும்.

அங்கே -110 என்னும் பிழையெண் தோன்றின், கருவி உரிய நேரத்துள் மறுமொழி தரவில்லை என்பது பொருள். -71 எனின், இருபாற் பேச்சின் நெறி பிறழ்ந்தது என்பது பொருள். இரண்டிற்கும் பெரும்பாலும் வடமோ, பொருத்துவாயோ, மின்குறைவோதான் ஏது. யூ.எசு.பி. 2 வாய் தரக் கடப்பட்டது 500 மில்லி ஆம்பியர். 3-ஆம் வகை வாய் 900. சுழலும் வன்தட்டுக்குச் சிலபோது இதுவும் போதாது. ஆகவே வடத்தை மாற்றுக. பல்செருகியை நீக்கி நேரே கணினியில் செருகுக. சிறிது ஓய்ந்ததும் கருவி உறங்கிவிடுமாயின், கருவத்தின் தன்னுறக்க அளவைப் பார்க்க. முன்னமைவு 2 நொடி. -1 என்றாக்கினால், புதிதாய்ச் செருகும் கருவிகள் பொதுவாக உறங்கா.

'எல்எஸ்யூஎஸ்பி' என்னும் கட்டளை, செருகப்பட்ட கருவிகளைப் பட்டியலிடும். அதில் விரலி இடம்பெற்றிருப்பின் தொடர்பு உண்டு என்று தெளியலாம். அடுத்து 'எல்எஸ்பிஎல்கே' இட்டுப் பிரிவுகளைக் காண்க. பிரிவு தெரிந்தும் திறக்கவில்லையெனின், குறை கோப்பு வகுப்புமுறையில் இருக்கக்கூடும். எக்சுபேட்டு முறையைக் கருவம் தானே அறிந்தது 2019-இல் வந்த 5.4-ஆம் பதிப்பு முதற்கொண்டுதான். அதற்கு முந்தியவற்றில் தனி மென்பொருள் சேர்க்க வேண்டும். துடைக்க வேண்டிய தேவையே இல்லை!

இத்துணையையும் கருவம் வாய்விட்டுச் சொல்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் சொல்கிறது. பட்டிகளைத் தமிழாக்கியோர் உளர். கருவக் குறிப்புகளோ இன்னும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. பிழையெண்களுக்கேனும் தமிழ் விளக்கப் பட்டியலொன்றைப் பள்ளிதோறும் தொங்கவிட நம் இளைஞர்க்கு ஒரு மாதம் போதாதா?

குறிப்பில் படிப்புப் பிழைகள் அடுக்கடுக்காய் வந்தால் மட்டும் விரலியே நலிந்தது என்று கொள்க. அப்போதும் பழுதுநீக்கும் கட்டளை எதனையும் அதன்மேல் ஏவற்க. 'டிடிரெசுக்யூ' என்னும் மென்பொருளால் முழுப்படி ஒன்றை வேறு தட்டில் எடுத்துக்கொண்டு, அப்படியின்மேலேயே மீட்புப் பணியைத் தொடங்குக.