வைத்தியம் உரிமையா, வியாபாரமா?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் ஆஸ்பத்திரிச் செலவு. சென்ற சில ஆண்டுகளில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைப் பற்றியும் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் பல புதிய விதிகள் வந்திருக்கின்றன. பாலிசிதாரர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இதில் நமக்குக் கிடைத்தது எவ்வளவு, கிடைக்காதது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். விதி தெரியாதவன் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்றால், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடத்தான் முடியும். கேள்வி கேட்க முடியாது.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1946-ம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையிலான கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. பணம் கொடுக்கச் சக்தியில்லை என்ற காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. இதைச் சொன்னது வெள்ளைக்கார சர்க்கார் அமைத்த கமிட்டி என்பதை நினைவில் வையுங்கள். 1948-ல் தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமையாயிற்று. 1973 ஜனவரி முதல் பொது இன்ஷூரன்ஸும் தேசவுடைமையாகி, 107 கம்பெனிகள் நான்கு கம்பெனிகளாகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமை ஆபீஸ் நம் சென்னையில்தான் அமைந்தது.

அதற்குப் பிறகு வண்டி பின்னோக்கி ஓடத் தொடங்கியது. 1999-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. அந்நிய மூலதனத்துக்கு முதலில் 26 சதவிகிதம் என்றார்கள். 2015-ல் 49 என்றார்கள். 2021-ல் 74 என்றார்கள். 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் 100 சதவிகிதமும் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியின் லாபம் முழுவதும் கடல் கடந்து போவதற்கு வழி பிறந்தது. இந்தப் போக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் புதிய விதிகளைப் பார்க்க வேண்டும்.

விதிகள் கொடுப்பது என்ன?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் 2024-ல் பிறப்பித்த விதிகளில் முக்கியமானவற்றைச் சொல்லுகிறோம். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் ஏற்பாட்டுக்கு ஆஸ்பத்திரி அனுமதி கேட்டால், கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு: டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகு, மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் கம்பெனியே, தன் பங்குதாரர் பணத்திலிருந்து, கட்ட வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால் கோரிக்கையை உடனே முடித்து, உடலை உடனடியாக ஒப்படைக்கச் செய்ய வேண்டும்.

மூன்று: பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்கு இனி அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் காத்திருக்க வேண்டும். முன்பு நான்கு ஆண்டு.

நான்கு: பாலிசியை இடைவிடாமல் 60 மாதம் வைத்திருந்தால், நீ அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தாய் என்று சாக்குச் சொல்லிக் கோரிக்கையைத் தள்ள முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் தள்ளலாம். முன்பு இதற்கு எட்டு ஆண்டு ஆக வேண்டும்.

ஐந்து: ஒரு கோரிக்கையை நிராகரிப்பதற்குக் கம்பெனிக்குள் அமைந்த கமிட்டியின் அனுமதி வேண்டும். பாலிசியின் எந்த ஷரத்தின்படி நிராகரிக்கிறார்கள் என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

65 வயது வரை உள்ளவர்களுக்குப் புதிய பாலிசி கொடுத்தால் போதும் என்றிருந்த பழைய விதியும் 2024 ஏப்ரலில் நீங்கியது. 2025 ஜனவரியில் இன்னொரு உத்தரவு வந்தது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அது கூறியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு விதித்திருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரியும் நீங்கியது.

இவை நல்லவையா? நல்லவைதான். இவற்றை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிச் செல்ல வந்த தாய், காலை முதல் இரவு வரை கம்பெனியின் பதிலுக்காக வராந்தாவில் காத்துக் கிடந்த கொடுமை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தெரியும். அந்தக் கோபம்தான் இந்த விதிகளை வரவழைத்தது.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது. "இன்னும் இரண்டு காகிதம் வேண்டும்" என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு பதில்தான். ஜி.எஸ்.டி. நீங்கியது தனிநபர் பாலிசிக்கு. தொழிற்சாலையோ சங்கமோ கூட்டாக எடுக்கும் குரூப் பாலிசிக்கு அன்று அந்தச் சலுகை கொடுக்கப்படவில்லை. தனியாக வாங்கும் வசதி படைத்தவருக்கு வரி இல்லை, ஒன்றுகூடி வாங்கும் தொழிலாளிக்கு வரி உண்டு! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

அறை வாடகை என்னும் கத்தரி

பாலிசியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். நாளொன்றுக்கு அறை வாடகை இவ்வளவு என்று ஒரு வரம்பு. அதன் பொருள் பலருக்கும் பில் வந்த பிறகுதான் தெரிகிறது.

உங்கள் பாலிசியில் வரம்பு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கை காலி இல்லை என்று 6,000 ரூபாய் அறையில் சேர்த்துவிடுகிறார்கள். நாளுக்கு 3,000 ரூபாய்தானே நம் கையிலிருந்து போகும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. அறையின் தரத்தை ஒட்டி டாக்டர் கட்டணம், ஆபரேஷன் அரங்கக் கட்டணம், நர்ஸ் கட்டணம் எல்லாம் ஏறும். ஆகவே அவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். அந்தக் கட்டணங்கள் 80,000 ரூபாய் என்றால் 40,000 உங்கள் தலையில் விழும்.

இதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் இப்படி விகித வெட்டு போடக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. வெட்டிய பில் கைக்கு வந்தால் வரிவரியாகப் பாருங்கள். கேட்பவனுக்குத்தான் திருப்பிக் கிடைக்கிறது.

இரண்டு சாவி

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கம்பெனிக்கு இத்தனை விதி போட்டும் நம் செலவு ஏன் குறையவில்லை?

அரசியல் சட்டத்தின்படி இன்ஷூரன்ஸ் மத்திய சர்க்காரின் அதிகாரத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் ராஜ்ய சர்க்காரின் அதிகாரத்தில் இருக்கின்றன. பெட்டிக்கு இரண்டு சாவி. மத்திய ஆணையம் கம்பெனியைக் கேட்கலாம். ஆஸ்பத்திரியின் பில்லைக் கேட்க அதற்கு அதிகாரமில்லை. ராஜ்ய சர்க்கார் ஆஸ்பத்திரியைக் கேட்கலாம். ஆனால் கேட்பதில் தயக்கம்.

பில் ஏறினால் கம்பெனி பிரீமியத்தை ஏற்றுகிறது. பிரீமியம் ஏறினால் நாம் கட்டுகிறோம். கம்பெனியும் ஆஸ்பத்திரியும் மோதிக்கொண்டால் அப்போதும் நாம்தான் நசுங்குகிறோம். 2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? கட்டணத் தகராறில் ஆஸ்பத்திரி முதலாளிகளின் சங்கம், வட இந்தியாவிலுள்ள தன் உறுப்பினர்களிடம், ஒரு பெரிய கம்பெனியின் பாலிசிதாரர்களுக்குப் பணமில்லாச் சிகிச்சையை செப்டம்பர் முதல் நிறுத்தும்படி கூறியது. பிறகு பேசிச் சமரசம் செய்துகொண்டார்கள். பிரீமியம் கட்டியவனை அந்தப் பேச்சுக்கு யாரும் அழைக்கவில்லை.

இரண்டாவது சாவியின் கதையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல்! இருபத்தொரு ஆண்டு அது ஏட்டுச் சுரைக்காயாக இருந்தது. மத்தியச் சட்டம் 2010-ல் வந்தது. அதன் விதிகளில் கட்டண அளவை நிர்ணயிக்க இடமுண்டு. நிர்ணயிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே இதைக் கண்டித்தது.

கேரளத்தில் 2018-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். கட்டணப் பட்டியலை நோயாளி பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. ஆஸ்பத்திரி முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 நவம்பரில் கேரள ஹைக்கோர்ட் பெஞ்சு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. முன்பணம் இல்லை, காகிதம் இல்லை என்று அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் கூறியது. ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேறியது. தனியார் டாக்டர்கள் பல நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரலில் ஏற்பட்ட சமரசத்தில், 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கும், சர்க்காரிடம் நிலமோ சலுகையோ பெறாத ஆஸ்பத்திரிகளுக்கும் விலக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். சட்டம் நின்றது, அதன் பல் போயிற்று.

கட்டணத்துக்கு வரம்பு போடுவது நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். நடந்திருக்கிறதே! 2020 ஜூனில், கொரோனா நாளில், தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழ்நாடு சர்க்கார் உத்தரவு போட்டது. மீறல்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் உத்தரவு போட அதிகாரம் உண்டு என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. கொள்ளை நோய்க்கு உண்டான நியாயம் மாரடைப்புக்குக் கிடையாதா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறு ஊரில் பத்துப் படுக்கை வைத்துக் கணவன் மனைவியாக நடத்தும் டாக்டர்களையும், பங்குச் சந்தையில் புரளும் ஆஸ்பத்திரிக் கம்பெனிகளையும் நாம் ஒரே தராசில் நிறுத்தவில்லை. சிறியவர்களுக்குச் சர்க்கார் ஒத்தாசை வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

நூறு ரூபாய் பிரீமியம் கட்டினால் எவ்வளவு வைத்தியத்துக்குத் திரும்புகிறது? 2023-24-ம் ஆண்டுக் கணக்கில், சர்க்கார் கம்பெனிகளில் நூறு ரூபாய்க்கு நூறுக்கு மேலேயே திரும்பியது. உடல்நல இன்ஷூரன்ஸ் மட்டும் நடத்தும் தனியார் கம்பெனிகளில் சுமார் 65 ரூபாய் திரும்பியது. மீதி கமிஷன், விளம்பரம், நிர்வாகம், லாபம். தேசவுடைமைக்கும் தனியாருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவருக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய சர்க்கார் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக யுனைடெட் இந்தியா மூலம் நடந்தது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-ல் 1,20,000 ஆயிற்று. இத்திட்டத்தால் உயிர் பிழைத்தவர் ஏராளம். ஆனால் மாதம் 10,000 ரூபாய்க்குச் சிறிது மேல் வாங்கும் குடும்பம் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறது. ஈ.எஸ்.ஐ.யிலும் இதே கதை. 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று சம்பள வரம்பு வைத்தார்கள். போராடிக் கூலி உயர்வு பெற்ற தொழிலாளி, அந்த உயர்வினாலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை இழந்து கம்பெனியின் வாசலில் போய் நிற்கிறான். கூலி உயர்வே அபராதமாகிறது!

சர்க்கார் ஆஸ்பத்திரி பலமாக இருந்தால்தான் தனியார் பில்லுக்குக் கடிவாளம் விழும். மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வழங்க 1994-ல் தமிழ்நாடு அமைத்த மருத்துவப் பணிகள் கழகம், பொதுத்துறையால் எது முடியும் என்பதற்கு அத்தாட்சி. ஆனால் 2025-க்குள் தேச வருமானத்தில் 2.5 சதவிகிதம் சுகாதாரத்துக்கு என்று 2017-ம் ஆண்டு மத்தியக் கொள்கை வாக்குக் கொடுத்தது. 2021-22-ல், கொரோனா காலத்தில்கூட, மத்திய-ராஜ்ய சர்க்கார்கள் செலவிட்டது 1.84 சதவிகிதம்தான். அதே ஆண்டில் தேசத்தின் மொத்த வைத்தியச் செலவில் 39 சதவிகிதத்துக்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்து கொடுத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு சங்கத்திலும் பில் பார்க்கத் தெரிந்த இரண்டு தோழர்களைத் தயார் செய்வோம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குவோம். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓர் ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள தகராறை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இந்த வாசலை நம் ஆட்கள் தட்டுவதே அபூர்வம்.

இது இன்றைய காரியம். ஆண்டு முழுவதும் நடத்த வேண்டிய கிளர்ச்சி வேறு. குரூப் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. விலக்கு வேண்டும். ஈ.எஸ்.ஐ. வரம்பை விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் தமிழில் கட்டணப் பட்டியல் தொங்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் வரம்பு வேண்டும். காப்பீட்டுப் பணத்தில் பெரும்பங்கு சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கே போக வேண்டும். நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளும் பொதுத்துறையிலேயே நிற்க வேண்டும்.

ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்ற விதிகள் கம்பெனிகளின் கருணையால் வரவில்லை. கேட்டதால் வந்தன. இன்னும் கேட்டால் இன்னும் வரும். இந்த வாரமே உங்கள் வீட்டுப் பாலிசியை எடுத்து, அறை வாடகை வரம்பு என்ன என்று பாருங்கள். பக்கத்து வீட்டாரின் பாலிசியையும் பாருங்கள். அடுத்த வகுப்புக்கு அவற்றைக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம்.