வெட்டிய கிளையும் ஸதக்காவே!

 



கியாமத் நாள் வந்துவிடும் தறுவாயிலும் ஒருவர் கையில் கன்று இருந்தால், இயன்றவரை அதை நட்டுவிடட்டும் என்ற கருத்திலான நபிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸில் 'ஃபஸீலா' என்ற சொல் வருகிறது. மதரஸாவில் ஓதிய நாளில் 'கன்று' என்று மட்டும் பொருள் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அது விதையில் முளைத்த கன்றன்று. தாய்ப் பேரீச்சையின் அடியில் கிளைத்து, வெட்டிப் பிரிக்கப்படும் பக்கக்கன்று.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து மீள்வதற்கு எஜமானர் விதித்த விலை, 300 பேரீச்சங்கன்றுகளை நட்டுக் கொடுப்பதும் 40 ஊகியா பொன்னும் ஆகும். தோழர்கள் 30, 20, 15, 10 என்று தத்தம் சக்திக்கேற்பக் கன்றுகளைக் கொண்டுவந்தனர். ஸல்மான் (ரலி) குழி தோண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். அவற்றில் ஒன்றும் பட்டுப்போகவில்லை என்று அறிவிப்பில் வருகிறது. தோழர்களின் தோட்டங்களில் தாய் மரங்கள் முன்போலவே நின்றன. ஒரு மனிதரோ விடுதலை பெற்றார்.

இதைச் சொன்னபோது, பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் இளைஞர் ஒருவர், "ஹஜ்ரத், லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவன் எங்கே மரம் நடுவது? கம்பெனி மாறினால் வீடும் மாறுமே!" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

திருமறை பெயர் சொல்லும் கனிகளில் திராட்சை, மாதுளை, அத்தி மூன்றும் வெட்டிய குச்சியிலிருந்தே வேர்விடக் கூடியவை. தொட்டியில் வளரும், வீடு மாறினால் வண்டியில் உடன் வரும். (நம் ஆற்றோரத்து நாட்டு அத்தி வேறு மரம், 'தீன்' என்பது சீமை அத்தி.) முருங்கைப் போத்து நட்டுப் பழகிய கொங்கு மண்ணுக்கு இது புதிய வித்தையன்று. உடுமலைப் பகுதியில் பட்டுப்புழுவுக்காக வளர்க்கும் மல்பெரியும் குச்சியில் வருவதே. மாவை மட்டும் இப்படி முயல வேண்டாம். ஒட்டுக்கன்று வாங்குவதே மேல்.

பென்சில் பருமனில் முற்றிய மாதுளைக் குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, இலைகளை நீக்குங்கள். அடிப்பகுதியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. செம்மண், மணல், மக்கிய எரு கலந்த கலவையில் மூன்றில் இரு பங்கு புதையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ஈரம் வேண்டும், சேறு கூடாது.

துளிர் வந்ததும் பிழைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். குச்சியில் சேர்ந்திருந்த உணவைக் கொண்டே முதல் இலை விரியும். வேர் பின்னரே வரும். நான் முதலில் நட்ட 12 குச்சிகளும் துளிர்த்தன. மகிழ்ந்து வெயிலில் வைத்தேன். ஒரே வாரத்தில் அத்தனையும் கருகின. ஆகவே இரண்டு மாதம் பொறுங்கள், பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை: சாயம், ரசாயனம் வந்த பழைய கேன்களும் டிரம்களும் மலிவாகக் கிடைக்கின்றன. உண்ணும் கனிக்கு அவை ஆகவே ஆகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு இந்த நொய்யல் படுகை கெட்டிருந்தது. மாதுளையும் சீமை அத்தியும் ஓரளவு உப்பைத் தாங்கும் என்றாலும், உப்பு நீர் ஊற்றினால் தொட்டியில் உப்பு சேரும். மழைநீரைப் பிடித்து, அடித்துளை வழியே வழியுமளவு அவ்வப்போது ஊற்றுங்கள்.

பிறர் மரத்தில் கேட்காமல் கிளை ஒடிக்கக் கூடாது. கேட்டால் மறுப்பவர் குறைவு. மாடியில் தொட்டி வைப்பதானால், பாரமும் கசிவும் உண்டு என்பதால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். வீடு மாறும்போது தொட்டியைத் தூக்க முடியாவிட்டால், அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்லுங்கள். முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டாலும் நட்டவருக்கு ஸதக்கா என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. அந்த டெய்லர் தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இதுவே.

டிசம்பரில் மாதுளையைக் கவாத்து செய்வார்கள். நம் பள்ளிவாசல் முற்றத்து மாதுளை வக்ஃபு சொத்து என்பதால் நிர்வாகத்தினரின் அனுமதியைப் பெற்றுவிட்டேன். வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் வெட்டப்படும் குச்சிகள் வீட்டுக்கு இரண்டாகப் பகிர்ந்தளிக்கப்படும், இன்ஷா அல்லாஹ். ஈரத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று அன்றே நட வேண்டும். ஆகவே மண்ணைக் கலந்து, தொட்டியில் துளையிட்டு வைத்துவிட்டு வாருங்கள்.