இளமையில் இளைப்பாறலாமா?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம் என்பதைக் கையால் வாங்கியறியாத ஒருவன் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறுவதைப் பற்றிப் பேச முன்வந்தால், நீங்கள் நகைப்பது நியாயமே. கலியாணமாகாதவன் பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடுவது போன்ற காரியம் இது. ஆயினும் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தாய்மாமன் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக முப்பத்தைந்து வருடம் கடமையாற்றியவர். உத்தியோகத்தருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ரயில் வாரண்டுகளை அவர் எடுத்தது மிக அருமை. திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டு வருவோமா என்று மாமி கேட்டால், யுத்தத்தைக் காரணங் காட்டுவார். அது நியாயந்தான். 2009இல் யுத்தம் முடிந்த பின்னரோ, "பென்சன் எடுத்தபிறகு ஆறுதலாகப் பார்ப்போம்" என்றார். காசிக்கும் சிதம்பரத்துக்கும் யாத்திரை போவதற்கென்று வங்கியிலே தனிக் கணக்கு ஒன்றும் வைத்திருந்தார். 2021இல் இளைப்பாறினார். அப்பொழுது கொரோனா நோயினால் பிரயாணம் இல்லை. அடுத்த ஆண்டு ரூபா வீழ்ந்தது. 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. வழி திறந்தபோது பணம் போதவில்லை. பிள்ளைகள் குறையை நிரப்பிக் கொடுத்தபோது முழங்கால் இடங்கொடுக்கவில்லை.

பிற்போடுவது பத்திரமான காரியம் என்று நாம் எண்ணுகிறோம். அது எப்பொழுதும் பத்திரமன்று என்பதை எனக்குக் காட்டியவர் மாமாவே.

ஐக்கிய அமெரிக்காவிலே, நிதிச் சுதந்திரம் பெற்று நாற்பது வயதளவில் உத்தியோகத்தை விட்டுவிட வேண்டும் என்று பாடுபடுவோர் பலர் இருக்கின்றனர். அவ்வியக்கத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைக் கூட்டினால் 'நெருப்பு' என்று பொருள்படும் சொல் வரும். ஜோ டொமிங்குவெஸ், விக்கி ரொபின் என்னும் இருவர் 1992இல் வெளியிட்ட நூல் இதற்கு வழிகாட்டி எனலாம். நாம் செலவிடுவது பணத்தையன்று, அதைச் சம்பாதிக்கக் கொடுத்த ஆயுளையே என்பது அவர்களுடைய கருத்து. டொமிங்குவெஸ் முப்பதையொட்டிய வயதிலே நியூயோர்க் பங்குச் சந்தைத் தொழிலை விட்டவர். அறுபதைக் காணாமலே 1997இல் காலமானார். வழக்கமான வயதுவரை காத்திருந்தால் அவருக்கு இளைப்பாறுதல் என்பதே கிட்டியிராது.

இவர்களுடைய கணக்கு எளியது. ஓராண்டுச் செலவைப்போல் இருபத்தைந்து மடங்கு பணம் சேர்ந்தால் போதும் என்பர். வில்லியம் பெங்கென் என்னும் நிதி ஆலோசகர் 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்குகளை ஆராய்ந்து 1994இல் எழுதிய கட்டுரை இதற்கு ஆதாரம். முதலில் நூற்றுக்கு 4 வீதத்தை முதல் வருடத்தில் எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கேற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டு போனாலும், பணம் முப்பது வருடமாவது தாங்கியதென அவர் கண்டார்.

இனி, ஓர் உதாரணம் சொல்கிறேன். கடதாசியும் பென்சிலும் கொண்டு நானே போட்டுப் பார்த்தது. ஒருவருக்கு வரி போக வருடத்துக்கு 50,000 டொலர் வருமானம். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து, அது விலையேற்றம் போக நூற்றுக்கு 5 வீதம் வளர்ந்தால், இருபத்தைந்து மடங்கு சேர ஏறக்குறைய 37 வருடம் செல்லும். சரிபாதியை மிச்சம் பிடித்தால் பதினாறரை வருடம் போதும்.

அந்தச் சரிபாதிக்காரர் ஆண்டுதோறும் 2,000 டொலர் செலவில் ஒரு பிரயாணம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமும் குறைகிறது, சேர்க்கவேண்டிய தொகையும் ஏறுகிறது. ஆயினும் முடிவு என்ன? பதினாறரை வருடம் பதினெட்டரை வருடமாகிறது. அவ்வளவுதான்! இரண்டு வருட உழைப்பைக் கூடுதலாகக் கொடுத்து, இளமைக் காலத்திலே பதினெட்டுப் பிரயாணங்களைப் பெற்றுக்கொள்கிறார். இளைப்பாறிய பின்னும் அச்செலவுக்குப் பணமுண்டு. இதை நட்டமென்று யார் சொல்வார்?

ஆனால் வீட்டு வாடகை, புதிய மோட்டார் வண்டி, தினசரி ஆடம்பரம் எல்லாவற்றையும் 'அனுபவம்' என்று பெயர் சூட்டி வளரவிட்டால், அவர் மீண்டும் 37 வருடக்காரர் ஆகிவிடுவார். ஆகவே அனுபவிக்கத் தெரிந்தவர் எதை விடுவது என்றும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வியக்கத்தாரிற் பலர் கூட்டமில்லாத பருவத்திலே புறப்பட்டு, தாய்லாந்தின் சியாங் மாய் போன்ற மலிவான ஊரில் மாதக்கணக்கில் தங்கி, சந்தையில் வாங்கிச் சமைத்து உண்பர். ஊர் பார்ப்பதும் நடக்கும், பணமும் கரையாது.

குறைகளையும் மறைக்கலாகாது. முப்பது வருடக் கணக்கு நாற்பது வயதில் நிற்பவனுக்குப் போதாது; அவன் ஐம்பது வருடம் இருக்கக்கூடும். சொற்ப வருமானக்காரருக்குப் பாதியை மிச்சம் பிடி என்று உபதேசிப்பது பசித்தவனுக்கு உபவாசம் போதிப்பதாகும். மேலும் அக்கணக்கு அமெரிக்கச் சரித்திரத்திலே பிறந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 வீதம் ஏறியதை நாம் கண்டோம். அந்த வேகத்துக்கு எந்த நாலு வீத விதி தாங்கும்? கடல் கடந்த சூத்திரத்தை அப்படியே இங்கு நட்டால் வேர் பிடிக்காது.

வேர் பிடிக்கக்கூடியவை சில உண்டு. முதற் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கை ஒதுக்குவது. தனியார் துறையினர் ஊழியர் சேமலாப நிதியில் தமது 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது. நாலுபேர் மெச்சவேண்டும் என்று கடன்பட்டுச் செலவு செய்யாதிருப்பது. கால் நடக்கக்கூடிய காலத்திலே ஆண்டுக்கு ஒருதரமாவது ஓர் ஊரைப் பார்ப்பது. பொருளையும் இன்பத்தையும் அடுத்தடுத்து வைத்தனர் நம் முன்னோர். ஒன்று முற்றாக முடிந்த பின்னரே மற்றது என்று அவர்கள் சொன்னதாக நான் அறியேன்.

இன்று இங்கே பேசப்போவதை மாமாவிடம் சொன்னேன். சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, உன்ரை முதற் சம்பளத்திலை எனக்கு வேட்டி வாங்காதை. மாமியை ஒருக்காத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போ. றெயிலிலை இருந்து வர என்ரை முழங்கால் மாட்டன் எண்டு சொல்லாது."

அந்த மூன்று சீட்டுக்கும் இப்பொழுதே ஓர் உண்டியல் வைத்துவிட்டேன். நீங்களும் ஒன்று வையுங்கள் என்று வேண்டி அமர்கிறேன்.